கணவாய்க் கறுப்பு

ஒக்டோபர் 14, திங்கள்

கௌரி விரதம் மூன்றாம் நாள். காலையில் தோய்ந்துவிட்டு அம்மன் கோவிலுக்குப் போய் வந்தேன். கிணற்றுத் தண்ணீர் இன்னும் உவர்தான். மழை இறங்கினால்தான் வாயில் வைக்கலாம்.

பிரான்சிலிருந்து தயானி அனுப்பிய பெட்டி இன்றைய படகில் தீவுக்கு வந்தது. என் புருஷனுடைய கடைசித் தங்கை. சொக்லேற், நோவுக்குப் பூசும் எண்ணெய், எனக்கு ஒரு சால்வை. அண்ணாவின் முழங்கால் நோவுக்கென்று விழுங்குகிற குளிசை. எழுத்தெல்லாம் பிரெஞ்சு. நான் பேப்பரும் புத்தகமும் பார்த்துத்தான் படித்தவள். இங்கிலீஷ் என்றால் எழுத்துக் கூட்டியாவது வாசிப்பேன். இது ஏலாது.

"சந்திக் கடையிலை வாங்கிற நோக் குளிசை மாதிரி இல்லையப்பா. இது முழங்காலுக்கெண்டே செய்தது" என்றார் இவர். வாசித்தவர் மாதிரி.

விரதம் என்பதால் மீன் சமைக்கிற மச்சச் சட்டியை நான் தொடுவதில்லை. பக்கத்து வீட்டு மாக்கிறேற் அக்கா கல்வேலிக்கு மேலால் இவருக்குக் கணவாய்க் கறி நீட்டினார். அவருடைய புருஷன் லியோன் அண்ணைக்கு இந்த நாட்களில் கணவாய் வலையில் நன்றாகப் படுகிறதாம். அவர்கள் வீட்டில் கணவாயின் மைப்பையை எடுப்பதில்லை, அப்படியே வைப்பார்கள். அடுப்புக்கரி நிறத்தில் ஒரு கறி. இவருக்கு அதுதான் விருப்பம்.

"விரதம் உமக்கு, விருந்து எனக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்.

ஒக்டோபர் 18, வெள்ளி

பிரான்ஸ் குளிசை கேட்கிறதாம். முழங்கால் மடங்குகிறது. மாடு பார்க்கத் தெற்குப் பக்கம் நடந்தே போய் வந்தார். தயானிக்குப் புண்ணியம்.

ஆனால் நெஞ்சடியில் எரிவு என்கிறார். புளித்த ஏப்பம். "வாய்வு." வயிற்றுக்குள் நடப்பது எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் இந்த ஒரே பெயர்தான். ஓமமும் உள்ளியும் அவித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், என்னவோ நான் நஞ்சு வைத்த மாதிரி.

ஒக்டோபர் 21, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். புதிதாக வந்திருக்கும் டொக்டர் பிள்ளை எங்கள் மகள் வினோஜாவைவிட இளமையாக இருப்பார். பொறுமையாகக் கேட்டார். சாப்பிட்டால் நோவு கூடுதோ, குறையுதோ? சத்தி, ஓங்காளம் வருதோ? மெலிஞ்சு போனீங்களோ?

"நோக் குளிசை பாவிக்கிறீங்களோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை. அதெல்லாம் விட்டிட்டன்."

நானும் ஓம் என்று தலையாட்டினேன். சந்திக் கடைக் குளிசையை விட்டது உண்மைதானே.

"மலம் கறுப்பாய்ப் போகுதோ?"

இவர் என்னை ஒருதரம் பார்த்தார். "வழமை மாதிரித்தான்" என்றார்.

வெளிக்குப் போகிற கதையை இவர் என் முன்னால் எடுத்ததே இல்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து தன் வாளியில் தானே தண்ணீர் அள்ளிக்கொண்டு பின்வளவுக்குப் போவார், வருவார். அங்கே அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது என்பது போல.

சாப்பாட்டுக்கு முன் போடுகிற குளிசை தந்தார்கள். குறையாவிட்டால் யாழ்ப்பாணம் போய்க் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். வரும் வழியில், "குழாய் விடுறதுக்கு நான் என்ன கிணறோ" என்றார்.

ஒக்டோபர் 25, வெள்ளி

எரிவு குறைவு. சாப்பாடும் குறைவு.

ஒக்டோபர் 28, திங்கள்

எழுதக் கூச்சமாக இருக்கிறது. என்றாலும் எழுதுகிறேன்.

இவர் பின்வளவிலிருந்து வந்து கதிரையில் சாய்ந்துவிட்டார். தலை சுற்றுகிறதாம். வாளி அங்கேயே கிடந்தது. எடுக்கப் போனேன். தண்ணீர் போதாமல் விட்டிருக்கிறார். கறுப்பு. றோட்டுக்கு ஊற்றுகிற தார் மாதிரி. மணமும் வேறு.

தண்ணீர் அள்ளி ஊற்றிவிட்டு வந்து கேட்டேன். கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்டவள் மாதிரிப் பார்த்தார்.

"நேற்று மாக்கிறேற்றின்ரை கணவாய் திண்டனான். பிறகு என்ன வெள்ளையாவே போகும்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. சரிதான். மை உள்ளே போனால் மைதானே வெளியே வரும். இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நவம்பர் 1, வெள்ளி

இருபத்தொரு நாளும் நிறைந்தது. கௌரி காப்புக் கட்டினோம். எனக்கு இடக்கையில், இவருக்கு வலக்கையில். ஐயர் நூலைச் சுற்றும்போது இவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. கோவில் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறதோ?

புருஷனுக்காகப் பிடிக்கிற விரதம். அம்மாளாச்சி, பார்த்துக்கொள்.

நவம்பர் 2, சனி

கந்தசஷ்டி தொடக்கம். தானும் பிடிக்கப் போவதாக இவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். வேண்டாம் என்றேன்.

"முருகனிட்டை முழங்காலைக் கேக்கப் போறன். நீர் ஏன் குறுக்கை நிக்கிறீர்?"

விரதத்தைத் தடுப்பது பாவம் என்று வளர்ந்தவள் நான். காலையில் வெறும் தண்ணீரோடு பிரான்ஸ் குளிசையைப் போட்டார். பின்னேரம் பாலும் பழமும்.

நவம்பர் 4, திங்கள்

இன்றைக்கும் கறுப்பு.

காப்புக்கு முதல் நாளிலிருந்து இந்த வீட்டில் மச்சம் இல்லை. சட்டி கழுவிக் கவிழ்த்துக் கிடக்கிறது. இவர் உள்ளே எடுத்தது பாலும் பழமும் தண்ணீரும். பாலுக்கு எங்கிருந்து கறுப்பு வரும்?

வாளியோடு அந்த இடத்திலேயே நின்றேன். கணவாய் இல்லை. கணவாயாக இருந்ததே இல்லையோ? டொக்டர் பிள்ளை கேட்டாரே, அப்போதே கேட்டாரே.

இவரிடம் போய்ச் சொன்னேன். கத்தினார். "ஒரு மனிசன் வெளிக்குப் போறதை எட்டி எட்டிப் பாக்கிறதுதான் உமக்கு விரதமோ?"

பிறகு குரல் இறங்கியது. "சூரன் போர் முடியட்டும். பாறணை முடிஞ்ச கையோடை போவம். விரதத்தை முறிக்கச் சொல்லாதையும்."

முறிக்கச் சொல்ல என் வாய் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

வாடைக் காற்று எழும்பிவிட்டது. வினோஜாவுக்குக் கிளிநொச்சிக்கு அழைத்தேன். அவள் வேலை செய்கிற வங்கியில் சனமாம், நின்றபடிதான் கதைத்தாள். "அம்மா, கூட்டிக்கொண்டு வாங்கோ, இண்டைக்கே வாங்கோ" என்றாள். போனை இவரிடம் கொடுத்தேன். "வாய்வு பிள்ளை, கொம்மாக்கு விசர்" என்று சொல்லித் தந்துவிட்டார்.

ஆறடி மனிதனை நான் தூக்கிக்கொண்டா போவேன்?

நவம்பர் 6, புதன்

சத்தி. கோப்பித் தூளைக் கரைத்து ஊற்றின மாதிரி. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். யாழ்ப்பாணம் போகக் கடல் விடுகிறதில்லை.

நவம்பர் 8, வெள்ளி. யாழ்ப்பாணம்

கொக்குவிலில் வினோஜாவின் சிநேகிதி வாடகைக்கு இருக்கும் அறை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

புதன் காலை பூசைக்குப் பூப் பிடுங்கிக்கொண்டு நின்றேன். கிணற்றடியில் சத்தம். இவர் குந்தியிருந்து சத்தி எடுத்தார். எடுத்ததன் மேலேயே சரிந்தார். நான் கத்தின கத்தலில் லியோன் அண்ணை வேலி பாய்ந்து வந்தார். அவருடைய மச்சானின் லாண்ட்மாஸ்டர் உழவு யந்திரப் பெட்டியில் பாயை விரித்து ஏற்றினோம். மாக்கிறேற் அக்கா இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு செபமாலை உருட்டினார். "நான் தந்த கணவாயோ, மனோகரி? சொல்லு, நான் தந்ததோ?" என்று ஒரே கேள்வி. இல்லையக்கா, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தக் கணவாய்தான் எங்கள் கண்ணை மறைத்தது என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

டொக்டர் பிள்ளை இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார். பிரஷர் விழுந்து கிடக்கிறதாம். உள்ளே இரத்தம் போகிறதாம், இங்கே நிறுத்த வழியில்லையாம், இரத்தம் ஏற்றவும் வசதியில்லையாம். போனில் மாறி மாறிக் கதைத்தார். நேவிப் படகு வரும், கடல் கொஞ்சம் இறங்கினால் வரும். இறங்கினால். யன்னலால் பார்த்தேன். மாவிலித்துறைப் பக்கம் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த தேவாரம் எல்லாம் சொன்னேன். முடிய, திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். கடல் தன்பாட்டில் இருந்தது.

நேற்றுக் காலைதான் கடல் விட்டது, நேவிப் படகு வந்தது. படங்குத் துணியால் போர்த்து இவரைக் கீழே கிடத்தினார்கள். கூட வந்த தாதி சேலைன் போத்தலை என்னிடம் தந்து, "உயர்த்திப் பிடியுங்கோ அம்மா, இறக்கிப் போடாதேங்கோ" என்றார். ஒவ்வோர் அலைக்கும் நான் விழப் பார்த்தேன், போத்தல் மட்டும் மேலே நின்றது. எனக்குத் தரப்பட்ட வேலை அது ஒன்றுதான். கண் திறந்து ஒருதரம் பார்த்தார். "இண்டைக்குச் சூரன் போரெல்லோ" என்றார். ஓம் என்றேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் அம்புலன்ஸ் நின்றது. பிறகு கதவு, இன்னொரு கதவு. ஆண்கள் வாட்டில் பெண்கள் நிற்க ஏலாது, பார்வை நேரத்துக்கு வாங்கோ என்றார்கள்.

ஒரு பொலித்தீன் பையைக் கையில் தந்தார்கள். சாரம், சேர்ட், கௌரி காப்பு. இரத்தம் ஏற்ற நரம்பு தேடினபோது காப்பை வெட்ட வேண்டி வந்ததாம். "குறை நினையாதேங்கோ" என்றார் பை தந்த தாதி. நல்ல பிள்ளை. நான் குறை நினைக்கவில்லை. ஒரு கிழமை கூட ஆகவில்லை என்று மட்டும் நினைத்தேன்.

நவம்பர் 9, சனி

கமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண். அடியில் ஓர் இரத்தக் குழாய் வாய் திறந்து கிடந்ததாம். ஊசி போட்டுச் சின்னக் கொளுக்கி ஒன்றால் பிடித்திருக்கிறார்கள். திரும்பவும் உடையாது என்று இன்னும் சொல்ல ஏலாதாம்.

வினோஜா சொல்லித்தான் குளிசைப் பெட்டியைக் கொண்டு வந்திருந்தேன். பெரிய டொக்டர் திருப்பிப் பார்த்தார்.

"இது நோக் குளிசைதான் அம்மா. கடையிலை வாங்கிறதும் இதுவும் ஒரே இனம். பெயர்தான் வேறை. இது இன்னும் கடுமை."

"முழங்காலுக்கெண்டே செய்தது எண்டு..."

"முழங்காலுக்குப் போறதுக்கு முதல் வயித்துக்குள்ளாலைதானே போகுது. அதுவும் வெறும் வயித்திலை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வயிற்றுக்குள் ஒரு கிருமியும் இருக்கிறதாம், எங்கள் சனத்தில் கனபேருக்கு இருக்கிறதாம். கிருமி அரித்த இடத்தைக் குளிசை பிய்த்துவிட்டது. இரத்தம் குடலால் இறங்கி வர வரக் கறுத்துத் தார் மாதிரி ஆகும், ஒட்டும், நாறும். சாப்பாட்டால் வருகிற கறுப்பு அப்படி ஒட்டாது.

ஒட்டியது. நான்தானே கழுவினேன். ஊற்ற ஊற்றப் போகாமல் நின்றது. அதையும் பார்த்துவிட்டுச் சிரித்தவள் நான்.

புண்ணின் ஓரத்தில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். "வேறை ஏதும் இருக்கோ எண்டு பாக்கத்தான்." அந்த வேறை ஏதும் என்ன என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

பார்வை நேரம். எத்தனை பை இரத்தம் ஏறியது, எந்த மருந்து எப்போது என்று எழுதி வைக்கிறேன். வீட்டில் மண்ணெண்ணெய்க் கணக்கு எழுதுகிற மாதிரி. எழுதி என்ன? அங்கே எனக்குச் செய்ய வேறு ஒன்றும் இல்லை.

இன்று கொஞ்சம் கதைத்தார். "முழங்காலைத்தான் கேட்டனான். முருகன் வயித்தைத் திறந்து பாத்திருக்கிறார். விண்ணப்பம் மாறிப் போச்சு." பக்கத்துக் கட்டில் மனிதர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் கொறிடோருக்கு வந்து நின்று அழுதேன்.

நவம்பர் 13, புதன்

நாளை தேர்தல். வாக்கு நெடுந்தீவில், நான் இங்கே.

காலையில் திரும்பவும் கொஞ்சம் கறுப்பாம். பழைய இரத்தமாக இருக்கும், பார்ப்போம் என்கிறார்கள். பார்ப்போம்.

நவம்பர் 16, சனி

துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கிருமிக்கு இரண்டு கிழமைக் குளிசை, ஒரு நேரமும் தவறக் கூடாது. புண்ணுக்கு வேறு குளிசை. நோக் குளிசை இனி எந்தப் பெயரிலும் வாழ்நாளில் வேண்டாம். ஏலாவிட்டால் பனடோல். வெறும் வயிறு கிடக்க விடக் கூடாது. விரதத்தையும் கேட்டேன். "கடவுள் கோவிக்கமாட்டார் அம்மா" என்றார் பெரிய டொக்டர். எந்தக் கடவுளிடம் கேட்டுச் சொன்னாரோ தெரியாது. பிரான்ஸ் பெட்டியை அவருடைய மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 22, வெள்ளி. வீடு

மாடுகளை லியோன் அண்ணை பார்த்துக்கொண்டார். ஒரு கன்று இல்லை. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

தயானி அழைத்தாள். அண்ணாவுக்கு வயிற்றில் புண் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். ஏன் வந்தது என்று சொல்லவில்லை. "அண்ணி, முழங்கால் குளிசை முடிஞ்சிருக்குமே, இன்னும் அனுப்பட்டோ?" என்றாள். குளிர் நாட்டில் ஆஸ்பத்திரி துடைத்துச் சேர்த்த காசில் வாங்கி அனுப்பியவள். இவர் போனைப் பறித்தார். "குளிசை போதும் பிள்ளை. சொக்லேற் அனுப்பு."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவளுக்கு ஒருநாளும் சொல்லக் கூடாது, என்ன?"

ஓம்.

நவம்பர் 27, புதன்

புயல். வளவுக்குள் வெள்ளம். படகும் இல்லை, சிக்னலும் இல்லை. சோதனை முடிவு இந்தக் கிழமை வரும் என்றார்கள். வந்தாலும் எங்களுக்குத் தெரியாது.

நவம்பர் 30, சனி

கிணறு வெள்ளத்தோடு ஒன்றாகிவிட்டது. கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி வீடு வீடாக வந்து சொன்னார்கள். மாக்கிறேற் அக்கா வீட்டில் எல்லாருக்கும் வயிற்றோட்டம். என்னிடம் இருந்த ஜீவனி உப்புக் கரைசல் பக்கெற்றை வேலிக்கு மேலால் கொடுத்தேன். கணவாய் வந்த வழியால்.

கிருமிக் குளிசை இன்றோடு முடிந்தது. வாய் கசக்கிறது என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிணுங்கினார், ஆனால் ஒரு நேரமும் விடவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

சிக்னல் வந்தது. வினோஜா முடிவை எடுத்துவிட்டாளாம். "அம்மா, ஒண்டும் இல்லை. கிருமி மட்டும்தான். வேறை ஒண்டும் இல்லை."

குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். சாமியறைக்குப் போகக்கூடத் தோன்றவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

வயிறு மாறிவிட்டது. முழங்கால் மாறவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு ஈரம், குளிர். இவருக்கு வீங்கி நிற்கிறது. இன்று நான் கோவிலால் வர, அலுமாரி திறந்து கிடந்தது. சீலைகள் எல்லாம் வெளியே. நடுவில் நிலத்தில் இருந்தார்.

"எங்கை வைச்சிருக்கிறீர்?"

"இல்லையப்பா. ஆஸ்பத்திரியிலை விட்டிட்டன்."

"ஒண்டு மட்டும் தாரும். சாப்பிட்டிட்டுப் போடுறன். ஒண்டாலை சாகமாட்டன்."

இந்த மனிதன் என்னிடம் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை. கண்ணால் தண்ணீர் ஓடியது. வீட்டில் ஒன்று இருந்திருந்தால்... கொடுத்திருப்பேனோ? தெரியாது. இல்லாதது நல்லது.

பனடோல் கொடுத்தேன். நொச்சி அவித்து ஒத்தடம் பிடித்தேன். கேட்கவில்லை. காலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். வேறு என்ன செய்ய? அவர் தூங்கும்வரை அசையவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

மாடு எல்லாவற்றையும் வைத்திருக்க ஏலாது. பாதியை லியோன் அண்ணையின் மச்சானிடம் விடுவதாகப் பேச்சு. இவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் சம்மதம்.

டிசம்பர் 15, ஞாயிறு

மாக்கிறேற் அக்கா வேலியடியில் தயங்கி நின்றார். கையில் பச்சைக் கணவாய், இலையில் சுற்றி. "சமைச்சுத் தரப் பயமாக் கிடக்கு. நீயே பாத்துச் செய்."

வாங்கினேன். மச்சச் சட்டியை நிமிர்த்தினேன். ஒவ்வொன்றாக மைப்பையை எடுத்து, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பக் கழுவினேன். மிளகாய்த் தூள் இல்லாமல் தேங்காய்ப்பாலில் வெள்ளையாக வைத்தேன். இனி இந்த வீட்டில் கணவாய் என்றால் இதுதான்.

இவர் சட்டியை எட்டிப் பார்த்தார். "இதென்ன, கணவாய்க்குக் காய்ச்சலோ?" ஆனால் சோறு இரண்டாம் முறையும் கேட்டார். ஏன் வெள்ளை என்று அவர் கேட்கவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

விடிந்து, நான் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். பின்வளவிலிருந்து இவர் குரல்.

"இஞ்சேரும். மண்ணிறம்."

கூட்டுமாற்றைக் கீழே போட்டுவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாக்கிறேற் அக்கா: "எங்களுக்கும் கேட்டது அண்ணை. ஆண்டவருக்குத் தோத்திரம்."

இவர் வாளியோடு நொண்டி நொண்டி வந்தார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. காதில் சிவப்பு ஏறிக் கன நாள்.

ஒத்தடத்துக்கு நொச்சி பிடுங்கப் போனேன்.